பிறர் கட்டிய தலைநகரம்



தலைநகரம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன யாவை? ஆட்சி மன்றம், மாளிகை, அங்காடி, அகன்ற வீதி. இவற்றின் அடியிலே உறுதியான நிலமும், மேலே குறைவற்ற காற்றும் இருப்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. நிலமும் காற்றும் இல்லாத வெட்டவெளியிலே ஒரு தலைநகரம் அமையுமானால் அது எவ்வாறு இயங்கும்? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கனடா நாட்டின் பயோவேர் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் 'மாஸ் எஃபெக்ட்' என்னும் கணினி விளையாட்டை உருவாக்கியது. அதன் கதையிலே 'சிட்டாடல்' என்றொரு விண்வெளி நிலையம் வருகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஒரு வளையம், அதிலிருந்து மலரிதழ்கள் போல் விரிந்து நிற்கும் ஐந்து பெருங்கரங்கள். ஆபத்து நேரும்போது அவ்விதழ்கள் கூம்பி நகரை மூடிக்கொள்ளும். வளையத்திலே ஆட்சி மன்றம் இருக்கிறது. கரங்களிலே மக்கள் வாழ்கிறார்கள். வெவ்வேறு கோள்களிலே தோன்றிய பல இனத்தாருக்கும் அதுவே பொதுத் தலைநகரம். அதன் மக்கள்தொகை 1 கோடியே 32 லட்சம் என்கிறது கதை.

இது வெறுங் கற்பனைதானே என்று கேட்பீர்கள். கற்பனைதான், ஆயினும் அதன் அடித்தளம் உண்மையான அறிவியல். வெட்டவெளியில் மிதக்கும் நகரிலே மக்கள் தரையில் கால் ஊன்றி நடப்பது எப்படி? விடை உங்கள் வீட்டுச் செம்பிலேயே இருக்கிறது. நீர் நிறைந்த செம்பைக் கயிற்றிலே கட்டித் தலைக்கு மேலாக வேகமாய்ச் சுழற்றிப் பாருங்கள்; நீர் சிந்துவதில்லை. நீர் நேர்க்கோட்டிலே ஓடிவிட முயல்கிறது. செம்பின் அடிப்பாகம் அதனைத் தடுத்து உள்நோக்கித் தள்ளுகிறது. ஆகவே நீர் அடியிலேயே அழுந்திக் கிடக்கிறது. செம்புக்குப் பதிலாக ஒரு மாபெரும் சக்கரத்தையும், நீருக்குப் பதிலாக மனிதரையும் வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் சக்கரத்தின் உட்புறமே தரையாகிவிடும்.

அப்படியானால் சிறிய சக்கரம் போதாதா? கணக்கைப் பாருங்கள். 9 மீட்டர் ஆரமுள்ள சக்கரத்திலே பூமியின் எடையை உணர வேண்டுமானால், அது நிமிடத்துக்குப் பத்து முறை சுழல வேண்டும். அதிலே நிற்பவனின் தலையருகே உணரும் இழுப்பு, காலடியில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். தலை சுற்றி மயங்காமல் அங்கே வாழ்தல் அரிது. ஆரம் ஏறத்தாழ 900 மீட்டராகுமானால், நிமிடத்துக்கு ஒரே சுற்றுப் போதும். அமெரிக்காவிலே நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையமும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1975-ஆம் ஆண்டில் நடத்திய கோடைக்கால ஆய்விலே, இத்தகைய வளைய நகரம் ஒன்றை 10,000 பேருக்காகத் திட்டமிட்டார்கள். ஆகவே விண்வெளி நகரம் பெரிதாயிருப்பது ஆடம்பரத்துக்காக அன்று, அவசியத்துக்காக.

எடை கிடைத்துவிட்டது, மூச்சுக்கு என் செய்வது? இங்கேதான் கடினமான பாடம் தொடங்குகிறது. 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, 'பயோஸ்பியர் 2' என்னும் மூடிய கண்ணாடி மாளிகையினுள் எட்டுப் பேர் ஈராண்டு வாழப் புகுந்தார்கள். உள்ளே வயலும் மரமும் சிறு கடலும் இருந்தன. ஆயினும் பதினாறு மாதங்களில் காற்றிலிருந்த ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 14.5 சதவீதமாகக் குறைந்தது. உள்ளிருந்தோர் சோர்ந்தனர், வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. காரணம் யாது? வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உண்டு கரியமில வாயுவை வெளியிட்டன. அவ்வாயுவைச் செடிகள் ஏற்று மீண்டும் ஆக்சிஜன் தந்திருக்க வேண்டும். ஆனால் அதில் பெரும்பங்கைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது! சுவரும் மூச்சுக் கணக்கிலே ஒரு கூட்டாளி என்பதை, குறைவு நேர்ந்து, அளந்து, ஆராய்ந்த பின்னரே அறிந்தார்கள்.

அரிசோனாவிலே வெளியே காற்று இருந்தது, பிழைத்தார்கள். விண்வெளியிலே அந்த வசதி ஏது? 2000-ஆம் ஆண்டு நவம்பர் முதல் மனிதர் இடையறாது வாழ்ந்துவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலே, வியர்வை, சிறுநீர், மூச்சின் ஈரம் ஆகியவற்றையெல்லாம் தூய்மைப்படுத்தி மீண்டும் குடிநீராக்குகிறார்கள். 2023-ஆம் ஆண்டில் நீரில் 98 சதவீதத்தை இவ்வாறு மீட்டுக் காட்டினார்கள். அங்கே பழுதாகும் ஒரு குழாயைச் செப்பனிட, அதன் இயக்கத்தைத் தெளிவாய் அறிந்த ஒருவர் வேண்டும்.

இப்பொழுது சிட்டாடலுக்குத் திரும்புவோம். அந்நகரைக் கட்டியவர் யார்? அங்கே வாழ்வோருக்குத் தெரியாது! அசாரி என்னும் இனத்தார் முதலில் அங்கே சென்றபோது நகரம் முன்பே ஆயத்தமாக இருந்தது. பூச்சி போன்ற உருவமுடைய ஊமைப் பணியாளர்கள் அதைப் பேணி வந்தார்கள். மறைந்துபோன ஒரு பண்டை இனத்தாரே அதைக் கட்டினர் என்று எல்லோரும் நம்பினர். பணியாளரின் வேலையிலே குறுக்கிடுவது சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. நீர் வந்தது, காற்று வந்தது, விளக்கு எரிந்தது. ஆகவே மேலும் கேட்பார் இல்லை. முடிவிலே தெரியவந்த உண்மை யாது? அந்நகரை அமைத்தவர்கள் ரீப்பர்கள் என்னும் கொடிய இயந்திர உயிர்கள். சிறந்த நாகரிகங்கள் யாவும் விரும்பி வந்து கூடும்படி வைத்த பொறி அது. அவர்கள் படையெடுத்து வரும் வாயிலும் அதுவே. முதல் அடி தலைநகரிலேயே விழும்படி வகுத்த சூழ்ச்சி!

கதையைப் படைத்தவர்கள் இதைப் பாடமாகச் சொன்னார்களோ இல்லையோ, நான் இதைப் பாடமாகவே கொள்கிறேன். அரிசோனாவின் எட்டுப் பேரிடம் அளவுகோல் இருந்தது; 'ஏன் குறைகிறது?' என்ற கேள்வியும் இருந்தது. சிட்டாடலின் கோடிக்கணக்கானோரிடம் எல்லா வசதிகளும் இருந்தன. அந்தக் கேள்வி மட்டும் இல்லை.

வருங்காலத்தில் உங்களிற் சிலரோ, உங்கள் பேரப்பிள்ளைகளோ விண்வெளி நகரங்களை அமைக்கக்கூடும். அங்கே பிறக்கும் குழந்தைக்கு எண்ணும் எழுத்தும் கற்பிக்கும் நாளிலேயே, தான் விடும் மூச்சு எங்கே சென்று எவ்வாறு திரும்பி வருகிறது என்பதையும் கற்பிக்க வேண்டும். அதை அறிந்த குடிமக்கள் உள்ள நகரமே அவர்களுக்குச் சொந்தமான நகரம். அறியாதார் வாழும் நகரம், எத்துணை அழகியதாயினும், பிறருடையதே.