காற்றா, காளியா?

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? விடும்மா, இனி என் மண்டையில ஏறாது.” பக்கத்து வீட்டு அக்கா நோட்டை மூடி வைத்துவிட்டு டீ தம்ளரைக் கையில் எடுத்தார். வயது 54. மகளின் பிரசவத்துக்காக மதுரையிலிருந்து பெங்களூரு வந்தவர். பேத்திக்கு ஏழு மாதம் ஆகிறது. இனி இங்கேதான் என்று முடிவானதும் கன்னடம் படிக்க ஆரம்பித்தார்.

அன்று காலையில் காய்கறிக்காரரிடம் காற்று பலமாக இருக்கிறது என்று கன்னடத்தில் சொல்ல முயன்றிருக்கிறார். கன்னடத்தில் காற்று என்றால் ‘காளி’. அதன் முதலெழுத்தைத் ‘தங்கம்’ என்பதில் வரும் க போலச் சொல்ல வேண்டும். ‘பக்கம்’ என்பதில் வரும் க போலச் சொல்லிவிட்டால் அது காளியம்மன். காய்கறிக்காரர் பொறுமையாக மூன்று முறை திருத்திச் சொன்னாராம். “அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒண்ணாத்தாம்மா கேக்குது” என்றார் அக்கா. அந்த வருத்தத்தில்தான் பழமொழி வந்தது.

பழமொழியில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் நோட்டை மூட வேண்டியதில்லை.

“அக்கா, கழுத்துல விரலை வச்சுக்கிட்டு பக்கம், தங்கம்னு மெதுவா சொல்லிப் பாருங்க” என்றேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். ‘பக்கம்’ என்னும்போது தொண்டையின் அதிர்வு நடுவில் ஒரு கணம் நிற்கும். ‘தங்கம்’ என்னும்போது நிற்காமல் ஓடும். இரண்டும் வேறு வேறு ஒலிகள். அக்கா அவற்றை ஐம்பது வருடமாகப் பிழையில்லாமல் சொல்லிவருகிறார். ஆனால் தமிழில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான். எந்த இடத்தில் எது வரும் என்பதைப் பக்கத்து எழுத்தே சொல்லிவிடுவதால், வித்தியாசத்தைக் காது தனியாகக் கவனிக்க வேண்டிய தேவை வரவில்லை. கன்னடத்தில் அந்த வித்தியாசம் பொருளையே மாற்றிவிடும். மூச்சு கலந்த ஒலிகளையும் சேர்த்தால் அங்கே க வரிசைக்கு நான்கு எழுத்துகள்.

மடியில் கிடக்கும் பேத்திக்கு இந்தச் சிக்கல் இன்னும் வரவில்லை. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற உளவியலாளர்கள் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். பத்து, பட்டு என்று நாம் பிரித்தறிகிற அதே வேறுபாடுதான். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு அது எளிதில் பிடிபடாது. ஒலி மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால், விளக்கு எரிந்து பொம்மை தெரியும். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் சரியாகத் திரும்பினார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் வெகு சிலரே திரும்பினார்கள். இந்தி பேசும் வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கோ அந்த வயதிலும் வேறுபாடு தெரிந்தது.

ஒரு வயதுக்குள் குழந்தை எதையோ இழந்துவிடுகிறது என்று இதைக் கேட்கும்போது தோன்றும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அம்மா சொல்லும் ‘பால்’ ஒரு மாதிரி, தாத்தா சொல்லும் ‘பால்’ வேறு மாதிரி. சளி பிடித்த நாளில் அதே அம்மா சொல்வது இன்னொரு மாதிரி. அத்தனை வேறுபாட்டையும் கணக்கில் வைத்துக்கொண்டிருந்தால் ‘பால்’ என்ற ஒரு சொல் குழந்தைக்கு எப்படிப் பிடிபடும்? தன் வீட்டு மொழிக்கு எது வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பிரித்துக்கொள்வதுதான் அது படிக்கும் முதல் பாடம். அக்காவின் காது அந்தப் பாடத்தை மதுரையில் 53 வருடங்களுக்கு முன்பே படித்து முடித்துவிட்டது. அன்று காலையில் அவரைத் தடுக்கிவிட்டது அவர் நன்றாகக் கற்றுவைத்திருக்கும் தமிழ்.

கை கொடுப்பதும் அதே தமிழ்தான். அக்காவின் நோட்டைப் பிரித்துக் காட்டினேன். மூன்றே வாரத்தில் கன்னட எழுத்துகளை எழுதிப் பழகியிருக்கிறார். ககர மெய்யும் இகரமும் சேர்ந்தால் ‘கி’ என்பது சின்னப் பிள்ளைக்குப் பிடிபடப் பல மாதம் ஆகும். அக்காவுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. உயிர்மெய் முறை ஏற்கெனவே தெரியும், வடிவம் மட்டும்தான் புதிது.

சொற்களிலும் அப்படித்தான். கன்னடத்தில் பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, பூ ‘ஹூவு’, புலி ‘ஹுலி’. பழைய கன்னடத்தில் ப என்று தொடங்கிய பல சொற்கள் பிற்காலத்தில் ஹ என்று மாறின. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது, ஆனாலும் ஒரு முறை சொன்னவுடன் அக்கா “அப்ப பாம்புக்கு?” என்று கேட்டார். ‘ஹாவு’ என்றேன். முகம் மலர்ந்தது. ஏழு மாதக் குழந்தையால் இப்படி ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லைத் தேடிப் போக முடியாது. பெரியவர்களால் முடியும்.

காதுக்கும் வழி உண்டு. ஆங்கிலத்தின் ‘ர’, ‘ல’ வேறுபாடு ஜப்பானியர்களுக்குப் பிடிபடுவது கடினம். ஒலி சற்றே மாறும் சொற்களைப் பல பேர் குரலில் கேட்க வைத்து, சரியா தவறா என்று உடனுக்குடன் சொல்லிப் பயிற்சி கொடுத்த ஆய்வு 1991-இல் வந்தது. பயிற்சி பெற்ற பெரியவர்கள் முன்னேறினார்கள். ஆகவே காய்கறிக்காரர் ஒருவர் போதாது. பூக்காரம்மா, பால்காரர், பஸ் கண்டக்டர் என்று பல குரல்களில் ‘காளி’யைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, படிக்கும் விதம். அக்கா தினமும் நோட்டை நான்கு முறை வாசிக்கிறார். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், வாசலுக்குப் போனால் வராது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்குச் சுமார் 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். நினைவுக்குக் கொண்டுவரப் படும் சிரமமே மனதில் பதிய வைக்கிறது. வரவில்லையே என்று திணறும் நேரத்தை நாம் மறதி என்று நினைத்துக் கைவிடுகிறோம். படிப்பு நடப்பதே அப்போதுதான்.

“அப்ப இவளுக்கு?” என்று பேத்தியைக் காட்டினார். அவளுக்கு நோட்டு வேண்டாம், ஆள் வேண்டும். பட்ரிஷியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் மாண்டரின் சீனம் பேசுபவர்கள் நேரில் விளையாடிப் பேசினார்கள். பன்னிரண்டே அமர்வுகளில் குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதே பேச்சை வீடியோவில் பார்த்த குழந்தைகளுக்கு அது வரவில்லை. அக்கா மடியில் வைத்துப் பேசும் மதுரைத் தமிழுக்கு ஈடாக ஒரு செல்போனும் இல்லை. கீழ்வீட்டு அம்மா கன்னடத்தில் கொஞ்சுவதும் அவளுக்குப் பெரிய கொடை.

டீ ஆறியிருந்தது. அக்கா நோட்டில் ஒரு பக்கத்தை வாசித்தார். பிறகு மூடினார், இந்த முறை பார்க்காமல் எழுதுவதற்காக. பால், பல், பூ, புலி. நான்காவதில் நின்றார். நான் சொல்ல வாயெடுத்தேன். “இரு, வரும்” என்றார்.