10,000-இல் 4 மட்டுமே தேறும்: கார்பன் உருவாவது எப்படி?

நம் உடல் எடையில் சுமார் 18 சதவீதம் கார்பன். சாப்பிடும் சோறு, பென்சில் முனை, வண்டிக்குப் போடும் பெட்ரோல் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். இவ்வளவும் வயதான நட்சத்திரங்களுக்குள் தயாரானது. ஆனால், அது அவ்வளவு லேசுல நடக்கிற காரியம் இல்லை.

என்ன சிக்கல்?

மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்தால் ஒரு கார்பன். முதலில் இரண்டு சேர்ந்து பெரிலியம்-8 ஆகும். அது ஒரு நொடியை நூறு கோடிக் கோடியாகப் பிரித்தால் வரும் நேரத்துக்குள் உடைந்துவிடும். அதற்குள் மூன்றாவது வந்து மோத வேண்டும். வாய்ப்பு ரொம்பக் குறைவு. அப்புறம் எப்படி இவ்வளவு கார்பன்?

ஹாயில் சொன்ன விடை

பிரிட்டன் விஞ்ஞானி ஃபிரெட் ஹாயில் இப்படி யோசித்தார்: மூன்று ஹீலியம் சேரும்போது இருக்கும் ஆற்றலுக்குப் பக்கத்திலேயே கார்பனுக்கு ஒரு ‘கிளர்வு நிலை’ இருந்தால், சேர்க்கை பல மடங்கு கூடும். 1953-இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வகத்தில் வார்ட் வேலிங் குழு சோதித்துப் பார்த்தது. நைட்ரஜன் மீது டியூட்டிரான்களை மோதவிட்டார்கள். ஹாயில் சொன்ன இடத்திலேயே அந்த நிலை இருந்தது! இன்றைய கணக்கில் அது 7.65 மெகா எலெக்ட்ரான் வோல்ட். பெயர் ‘ஹாயில் நிலை’.

உடைவதுதான் அதிகம்

இங்கேதான் ட்விஸ்ட். ஹாயில் நிலைக்கு வரும் 10,000 அணுக்கருக்களில் சுமார் 9,996 திரும்பவும் மூன்று ஹீலியமாக உடைந்துவிடும். மீதி 4 மட்டும், பெரும்பாலும் இரண்டு காமா கதிர்களை அடுத்தடுத்து வெளியிட்டு, நிலையான கார்பனாகும். நாம் எல்லாம் அந்த 4-இன் மிச்சம்!

மூன்றாக உடைவதும் ஒரே வெடிப்பில் நடக்கிறதா? சிதறும் துகள்களின் ஆற்றலை அளந்து 2017-இல் இரண்டு குழுக்கள் பதில் சொன்னன. கிட்டத்தட்ட எப்போதுமே முதலில் ஒரு ஹீலியம் பிரிகிறது, பிறகு மிஞ்சிய பெரிலியம் உடைகிறது. ஒரே நேரத்தில் மூன்றாக உடைவது 0.05 சதவீதத்துக்கும் குறைவு.

அந்த ‘4’ சரிதானா?

2020-இல் நார்வேயின் ஆஸ்லோவில் நடந்த சோதனையின் முடிவு, அது 6-க்கு மேல் என்றது. வானியலாளர்களுக்கு இது பெரிய விஷயம். ஏனென்றால், நட்சத்திரத்தில் கார்பனும் ஆக்சிஜனும் எந்த விகிதத்தில் மிஞ்சும், பெரிய நட்சத்திரங்கள் கடைசியில் என்ன ஆகும் என்ற கணக்கெல்லாம் இந்த எண்ணை நம்பித்தான் இருக்கு. ஆனால், பின்னர் வேறு முறைகளில் அளந்த குழுக்களுக்கு மறுபடியும் 4-க்குப் பக்கத்திலேயே விடை கிடைத்தது. அதனால் பழைய கணக்குகளை இப்போதைக்கு மாற்ற வேண்டியதில்லை.