நீட் மாதிரித் தேர்வின் முதல் மதிப்பெண்

இந்தியாவில் இளநிலை மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வு 180 வினாக்களும் 720 மதிப்பெண்களும் கொண்டது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறையும், விடையளிக்காவிட்டால் இழப்பில்லை.

தொடக்க மாதிரித் தேர்வில் இருவர் 300 பெற்றதாகக் கொள்வோம். ஒருவர் 75 வினாக்களுக்கு மட்டும் விடையளித்தார், அனைத்தும் சரி. மற்றவர் எல்லாவற்றுக்கும் விடையளித்தார். 96 சரி, 84 தவறு. பார்வைக்கு இவரே அதிகம் அறிந்தவர். ஆனால் ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு தெரிவுகள் உண்டு. 68 வினாக்களை அறிந்தவர் மீதி 112-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாக 28 சரியாக அமையும். கூட்டினால் அதே 96!

முதலாமவருக்குப் பாடங்கள் முடியவில்லை, அவ்வளவே. இரண்டாமவரின் குறையை மதிப்பெண் மறைத்துவிடுகிறது. ஊகித்த வினாக்களைத் தேர்வின்போதே வினாத்தாளில் குறித்துவைத்தால், திருத்தும்போது அவற்றைத் தனியே எண்ணலாம்.