பற்சிப்பியைப் புதுப்பிக்கும் நுண்துகள்கள்

பல்லில் குழி விழுந்த பின்னரே வலி தெரிகின்றது. ஆனால் சொத்தை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகின்றது.

பல்லின் மேலுறையான பற்சிப்பியில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமே. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்த அதன் பெயர் ஹைட்ராக்சி அபடைட். இனிப்பை உண்டு வாழும் வாய்க் கிருமிகள் அமிலத்தை உண்டாக்கி அதனைக் கரைக்கின்றன. உமிழ்நீர் அக்கனிமத்தை மீண்டும் படியச் செய்கின்றது. கெட்டிப்பால் தேநீரை அடிக்கடி அருந்தினால் உமிழ்நீருக்கு அவகாசம் கிட்டாது. அப்போது பல்லில் வெள்ளைப் புள்ளி தோன்றும். அந்நிலையில் பல்லை மீட்கலாம். குழி விழுந்தபின் எப்பற்பசையும் அதனை அடைக்காது.

அதே கனிமத்தைப் பற்பசையில் கலந்து, இழப்பை ஈடுசெய்வது ஒரு முறை. இத்தகைய பற்பசை 1980இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1993இல் அக்கனிமம் சொத்தையைத் தடுக்கும் பொருளாக அங்கு ஏற்கப்பட்டது. இன்று அதனை நானோ அளவுக்குச் சிறிதாக்குகின்றனர். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்நுண்துகள்கள் பற்சிப்பியின் நுண்ணிய துளைகளில் படிகின்றன.

இதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. புளோரைடும் கனிமத்தை மீண்டும் படியச் செய்வதே. குழாய் நீரில் அதனைச் சேர்க்க நம் அரசாங்கம் 1972இல் முடிவு செய்தது. கிணற்று நீரையோ மழை நீரையோ அருந்துவோருக்கு அப்பயன் கிட்டாது. அவர்களுக்குப் புளோரைடு பற்பசை இன்னும் இன்றியமையாதது.

சுங்கை பஞ்சாங் வட்டாரப் பெற்றோர்களே! உறங்குமுன் பிள்ளைகளைப் பல் துலக்கச் செய்யுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் பற்பசை போதும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். நீரால் கொப்பளிக்க வேண்டாம். வெள்ளைப் புள்ளி கண்டால், வலிக்கும்வரை காத்திராமல் அரசாங்கப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.