தைத்த துணியைக் கேட்கும் மெக்கானிக்

மதுரையில் 22 வருடமாக வீட்டுத் திண்ணையிலேயே ரவிக்கை தைக்கிறேன். அம்மா ஓட்டிய கறுப்பு உஷா மிஷின். ஒரு தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது தையல் தவ்வ ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்காமல் "ஷட்டில் போச்சு, மாத்தணும்" என்றார்கள். மாற்றினார்கள். பழையதைக் கேட்டால், குப்பையில் போட்டாச்சாம். வீட்டில் வந்து ஓட்டினால் அதே தவ்வல். அந்தத் தீபாவளிக்குப் பதினொரு பேரின் ரவிக்கைத் துணியைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தேன். அந்த முகங்கள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதற்கப்புறம்தான் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டேன். புதுமண்டபத் தூண்களுக்கு நடுவே தலைமுறையாக மிஷின் போட்டிருந்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் தைக்கிறார்கள். மிஷின் நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை என்பதால், அவர்கள் கண்டவரிடம் கொடுப்பதில்லை. மூன்று பேரிடம் விசாரித்தேன். மூவரும் ஒரே பெரியவரைச் சொன்னார்கள்.

மிஷின் தலையைக் கழற்றிக் கொண்டுபோனேன். அவர் அதைத் தொடவில்லை. "தச்ச துணி இருக்கா தாயி?" என்றார். கொண்டுபோகவில்லை. தலையைத் தன் ஸ்டாண்டில் மாட்டி, ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து என்னையே ஓட்டச் சொன்னார். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் நாம் பாபினைத்தான் குறை சொல்வோம். பெரும்பாலும் மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள் சரியாக உட்கார்ந்திருக்காது என்றார். என் துணியில் அது இல்லை, தவ்வல் மட்டும்தான்.

ஊசியைக் கழற்றி, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடித் துண்டின்மேல் வைத்தார். நுனி லேசாக வளைந்திருந்தது. 14ஆம் நம்பர் புது ஊசி போட்டதும் தவ்வல் குறைந்தது, நிற்கவில்லை. பிறகுதான் ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"இங்க பாரு" என்று சக்கரத்தை மெல்லச் சுற்றினார். ஊசி அடி வரை இறங்கி, சுமார் 2 மில்லிமீட்டர் ஏறும்போது நூல் அதன் பின்னால் குட்டி வளையமாக உப்புகிறது. அந்த நேரத்தில் ஷட்டிலின் மூக்கு வந்து அதைக் கவ்வ வேண்டும். என் மிஷினில் ஊசிக் கம்பி சற்றே மேலேறி இருந்ததால் மூக்கு வளையத்தைத் தவறவிட்டது. ஒரு ஸ்குரூவைத் தளர்த்திக் கம்பியை இறக்கினார், அவ்வளவுதான். பழைய ஷட்டிலில் குற்றமே இல்லை.

"தேங்காயெண்ணெய் விட்டியா?" என்றும் கேட்டார். விட்டிருந்தேன். அது நாளாக நாளாகப் பிசினாக இறுகிவிடும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மிஷின் ஆயில் போட்டார். ஊசிக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லி, "உன் நூலுல ஓட்டிப் பாத்துட்டுக் காசு குடு" என்றார்.

இப்போது எங்கே கொடுத்தாலும் மெல்லிய பாலியஸ்டரிலும் நாலு மடிப்புக் காட்டனிலும் ஓட்டிப் பார்க்காமல் மிஷினைத் தூக்குவதில்லை. மாற்றிய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்வேன். விட்டுவிட்டு வரவேண்டி இருந்தால் மிஷின் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பாபின் கேஸின் வெளிப்பக்கம் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைக்கிறேன்.

எங்கள் தெருவில் அரசு கொடுத்த இலவச மிஷின் இரண்டு, சின்னக் கோளாறுக்காகப் பரணில் கிடந்தன. பிழைக்க வழி வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் சும்மா இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. போன மாதம் ஒன்றை ஆட்டோவில் ஏற்றினோம். கடைசியாகத் தைத்ததையும் எடுத்துக்கோ என்று மிஷினுக்குச் சொந்தக்காரியிடம் சொன்னேன். பாதி ஓரம் அடித்த பாவாடையோடு வந்து ஏறினாள்.