பிரேக் ஏன் கத்துது?

குட்டீஸ், மாதவரம் ரவுண்டானாவில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் அப்பா பைக்கை நிறுத்துகிறார். 'கிரீச்!' நேற்றுதானே சர்வீஸ் விட்டு எடுத்தார்? பிறகு ஏன் இந்தச் சத்தம்?

கரும்பலகையில் சாக்பீஸ் சில சமயம் காதைக் கூச வைக்குமே, அதே கதைதான். சீராக உரசாமல் விட்டுவிட்டு உரசும்போது பொருட்கள் அதிரும். அந்த அதிர்வுதான் சத்தம்.

நம் வடசென்னையின் திருவொற்றியூரில் தயாரான புல்லட்டுகளில் பல ஆண்டுகள் டிரம் பிரேக்தான். அதில் 'ஷூ'க்கள் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும். டிஸ்க் பிரேக்கில் இரண்டு 'பேட்'கள் சுழலும் தட்டைக் கவ்விப் பிடிக்கும். இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய செம்புப் பேட்களும் கத்தித் தீர்த்தனவாம்!

சர்வீஸுக்குப் பின் சத்தம் வர என்ன காரணம்?

* புதுப் பேட் தட்டோடு இன்னும் பழகியிருக்காது. சில நாள் நிதானமாக ஓட்டினால் அடங்கிவிடும்.

* பேட்டின் பின்னால் வரும் மெல்லிய தகட்டை மாட்ட மறந்திருக்கலாம்.

* செயினுக்கு விட்ட எண்ணெய் தட்டில் தெறித்திருக்கலாம். பிடிப்பும் குறையும், ஆபத்து!

பிரேக் பிடிக்கும்போது கைப்பிடி அதிர்கிறதா? தட்டு கோணியிருக்கலாம். 'கரகர'வென்று இரும்பு உரசுகிறதா? பேட் தேய்ந்துவிட்டது. இரண்டுக்கும் உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

ஓடி வந்த பைக்கின் தட்டு சுடும், தொடாதீர்கள். சத்தம் போகட்டும் என்று பிரேக்கில் யாரையும் எண்ணெய் விட விடாதீர்கள். சத்தம் நிற்கலாம், பைக் நிற்காது!