தசையில் உறங்கும் மூல உயிரணு

நாமக்கல்லின் லாரி பாடி பட்டறைகளில் உழைப்போருக்குத் தசை கிழிவது புதிதன்று; சிறு கிழிசல்கள் சில வாரங்களில் தாமே கூடிவிடுகின்றன. அவ்வாறு கூட்டிவைக்கும் உயிரணுவை 1961ஆம் ஆண்டு அலெக்சாண்டர் மௌரோ தவளையின் தசையில் கண்டு விவரித்தார். தசைநாரின் ஓரத்தில் ஒட்டியிருப்பதால் அதற்குத் 'துணைக்கோள் உயிரணு' என்று பெயர். தசையின் மூல உயிரணு, அதாவது ஸ்டெம் செல், இதுவே. காயம் நேர்ந்ததும் அது விழித்துப் பெருகுகிறது. ஒரு பகுதி தசைநாராகிறது, மறுபகுதி அடுத்த காயத்திற்கென மீண்டும் உறங்கச் செல்கிறது.

தன் இல்லத்தில் இத்துணை திறமையாக உழைக்கும் உயிரணு, பிற உறுப்பையும் செப்பனிடுமா? 2000இல் பாரிஸில் பிலிப் மெனாஷே, நோயாளியின் கால் தசையிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்களை மாரடைப்பால் வடுப்பட்ட அவரது இதயத்தில் செலுத்தினார். ஆயினும் 2008இல் வெளியான விரிவான ஆய்வில் இதயத்தின் இயக்கம் மேம்படவில்லை. கால் தசையின் உயிரணு இதயத் தசையாக மாறுவதுமில்லை. அதன் மின்துடிப்போடு இசைவதுமில்லை. டூஷென் தசைச்சிதைவு நோயில் இடர் வேறுவகை: சிறுவனின் சொந்த உயிரணுவிலும் அதே மரபுப் பிழை உள்ளது. உறவினரின் உயிரணுவைச் செலுத்திய 1990களின் சோதனைகளும் வலிமையை மீட்டுத் தரவில்லை.

கருவிலிருந்து எடுக்கும் மூல உயிரணு குறித்து மார்க்க அறிஞரிடையே நெடிய விவாதம் உண்டு. தன் தசையிலிருந்து எடுப்பதில் அவ்வினா எழுவதில்லை. எனினும் மருத்துவம் அறியாது மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற ஃபிக்ஹு விதி இங்கும் பொருந்தும்.

சேலத்திலிருந்து சில மணிநேரப் பயணத்தில் உள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றம் நடைபெறுகிறது. அதுவும் மூல உயிரணுச் சிகிச்சையே, பலன் நிறுவப்பட்டது. இரத்தம் சார்ந்த நோய்களுக்கு அப்பால் மூல உயிரணுவைப் பயன்படுத்துவது சோதனை நிலையிலேயே உள்ளது என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை தெளிவுபடுத்தியது.

ஆகவே நடை தளரும் மகனுக்காக நிலத்தை விற்கத் துணியும் பெற்றோர், முதலில் இரண்டைக் கேட்டறிய வேண்டும்: இது மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவானதா? சோதனையெனில் நம்மிடம் கட்டணம் ஏன்? இவற்றுக்கு நேரிய விடை தராத இடத்தில் விற்கப்படுவது மருந்தன்று, நம் ஏக்கமே.